கரை நகரும் பாடம்

தங்கை கடற்கரை வளவில் வீடு கட்டப்போவதாகச் சொல்ல வந்தபோது நான் உயர்தர வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கரையோரத்தில் மணல் எப்படி நகர்கிறது என்பதுதான் அன்றைய பாடம். எங்கள் பக்கத்தில் அலை சாய்வாக வந்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். நடுவில் கல்லைப் போட்டு அந்த வழியை மறித்தால் தெற்கே கரை அகலும், வடக்கே கரை மெலியும். அதற்கு இரண்டு அம்புக்குறியும் ஒரு கோடும் போட்ட படம் ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டும் அதை வரைவேன்.

வாப்பா மூத்தவளான எனக்குக் கல்முனைக்குடியில் வீட்டைத் தந்தார். தங்கைக்குக் கடற்கரை வளவைத் தந்தார். அதில் அவளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்குமுன்பே மௌத்தாகிவிட்டார். அதனால் அவளும் மச்சானும் பிள்ளைகளும் என் வீட்டின் இரண்டு அறைகளில் ஏழு வருடம் இருந்தார்கள். ஒரே குசினி, ஒரே கிணறு. சண்டை என்று எதுவும் இல்லை. ஆனாலும் என் மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். வீட்டுக்குப் பின்னால் கிடந்த வெறும் நிலத்தில் அவளுக்கு ஒரு வீடு எழுப்ப வேண்டும் என்று நான் மனதுக்குள் அளந்து வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

தங்கை கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ராத்தா, நீ இதத்தானே படிப்பிக்கிற. கடல் அங்கால வருமா? அவர் கட்டுவம் எண்டு நிக்கிறார். எனக்குத்தான் பயமா இரிக்கு."

கையில் இருந்த பேனையை நான் மூடினேன். எங்களுக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் போட்டிருந்தார்கள்; வராது என்று சொல்ல முடியாது. வரும் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பது எனக்குத் தெரியும். வேறு எங்கே கட்டுவது? எங்கள் இருவருக்கும் தெரிந்த வேறு நிலம் பின்பக்கத்தில்தான் இருந்தது.

"அந்தக் கரையில எத்தின குடும்பம் இரிக்கு. அவங்களெல்லாம் பயந்தா இரிக்கிறாங்க? கட்டுங்க" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. எழுந்துபோய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றி வந்தாள்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு நான் பாய் வாங்கிக் கொடுத்தேன். தங்கை என்னை அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். குசினி யன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது. அது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஒவ்வொரு வருடமும் மாணவிகளை வெளிக்களப் பாடத்துக்கு அந்தக் கரைக்குத்தான் கூட்டிப்போவேன். ஒரு பழைய மதிலில் நாடாவின் நுனியைப் பிடித்துத் தண்ணீர் ஓரம்வரை அளப்போம். முதல் வருடங்களில் நாடா முழுவதையும் விரித்து, அதற்குப் பிறகு காலடி வைத்து எண்ணினோம். பிறகு நாடா மட்டும் போதுமாக இருந்தது. தங்கை குடிபோன மூன்றாம் வருடம் நாடாவில் பாதி சுருளிலேயே இருந்தது. மாணவிகள் அளவைக் கொப்பியில் எழுதினார்கள். எழுதி முடித்த ஒருத்தி நிமிர்ந்து, கொஞ்சம் தள்ளியிருந்த நீல நிற வீட்டைப் பார்த்தாள்.

"டீச்சர், அந்த வீட்ட கட்டக்குள்ள அவங்களுக்கு ஆரும் சொல்லல்லியா?"

அது யாருடைய வீடு என்று அவளுக்குத் தெரியாது. "அளவுக்குப் பக்கத்தில அலகை எழுதுங்க" என்றேன். அன்று தங்கை வீட்டுக்குள் போகாமல் பஸ்ஸில் ஏறினேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மேலும் இரண்டு மாரி பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் மண்மூட்டை அடுக்கினார், தென்னங்குற்றி நட்டார். மூன்றாம் மாரியில், கடல் நான்கு நாள் விடாமல் அடித்தபோது, குசினிச் சுவர் யன்னலோடு மணலில் சரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை பாத்திரங்களைத் துணியில் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அவள் அழவில்லை. பிள்ளைகளின் பாடசாலைப் பைகள் நனையாமல் இருக்கின்றனவா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மறுபடியும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு வாரம் கழித்து, பின்பக்க நிலத்தில் கட்டச் சொன்னேன். தங்கை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது உன்ட மகளுக்கெண்டு நீ வெச்சிருக்கிற நிலம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏழு வருஷம் ஒண்டா இருந்தனான். நீ அந்தப் பக்கம் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியாதா?" சுளகைக் கீழே வைத்தாள். "அண்டைக்கு நான் கேக்கக்குள்ள, கடல் வரும் எண்டு உனக்குத் தெரியுமா ராத்தா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"ஓம்" என்றேன்.

அவள் திட்டவில்லை. சுளகை மறுபடி எடுத்து அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு, "சொல்லியிருந்தா நான் உன்ட நிலத்தக் கேட்டிருக்க மாட்டன் ராத்தா" என்றாள்.

அதை நான் நம்புகிறேன். அதனால்தான் தாங்கமுடியவில்லை.

இப்போது அவர்கள் மேற்கே, வயலை அண்டிய பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மச்சான் மீன்பிடிக்க விடிய முன்னம் மோட்டார் சைக்கிளில் தோணிக்குப் போகிறார். பெருநாளுக்கு அவள் வட்டிலப்பம் அனுப்புவாள். நான் போனால் சிரித்துக் கதைப்பாள், சாப்பிடச் சொல்லுவாள். ஆனால் எதையும் என்னிடம் கேட்பதில்லை. போன மாதம் மூத்த பிள்ளைக்கு உயர்தரத்தில் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற யோசனை வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் போய்க் கேட்டாளாம்.