மரவள்ளிக்குக் காவல் நின்ற வொம்பட்

பன்விலயில் ஒரு பாடசாலைக் காவலாளி இருந்தார். அவர் நட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றிகள் விடுவதாக இல்லை. பாடசாலைப் புத்தகமொன்றில் ராட்சத வொம்பட்டின் படத்தைப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் எப்போதோ அழிந்துபோன மிருகம். எருமை உடம்பு, குட்டைக் கால். சாக்கையும் மானாப்புல்லையும் வைத்து அதேபோல் கட்டி நிறுத்தினார்.

"பன்னி இத எங்க கண்டுச்சு, அண்ணே? எப்பிடிப் பயப்படும்?" என்று கேட்டேன்.

குல்லாவை இழுத்துவிட்டார். அதை இழுக்காமல் அவர் பேசமாட்டார்.

"காணாததுக்குத்தான் தம்பி பயம் கூட."

மறுநாள் காலையில் போனேன். மரவள்ளி போயிருந்தது. வொம்பட்டின் வயிற்றோடு ஒட்டி, ஒரு பன்றி குட்டிகளோடு தூங்கியது.

"தொரத்தவா?"

"சத்தம் போடாத. வொம்பட் பூண்டோட அழிஞ்ச சாதி. இப்பத்தான் அதுக்கு ஒரு சொந்தம் வந்திருக்கு."

அன்று பாடசாலைக்குப் போகாமல் அங்கேயே காவல் இருந்தார். அந்த மனிதர் எனக்கு இன்னும் விளங்கவில்லை.