அறுபது சென்டிமீட்டர்

குத்தாலத்தில் ராமலிங்கம் ஐயா வீட்டு ஹாலில், கூரைக்குள் பதிக்கும் டவுன்லைட் இருபத்து நான்கு போட்ட எலக்ட்ரீஷியன் நான்தான். சாப்பாட்டு மேஜைக்கு மேலே கண்ணாடி மணிகள் தொங்கும் ஒரு சாண்ட்லியர். சுவிட்சைத் தட்டினால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். புது வீடு கட்டுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கும் இதே மாதிரி போட்டுடுங்க செல்வம்" என்பார்கள். மாயவரம் முதல் திருவாரூர் வரை எனக்கு வேலை பிடித்துத் தந்தது அந்த ஹால்.

ஐயாவின் மகள் கவிதா டென்மார்க்கில் என்ஜினீயர். போன தை மாதம் லீவில் வந்தவள் எனக்கு போன் செய்தாள்.

"அண்ணே, அந்த சாண்ட்லியரைக் கழட்டிடுங்க. வேற விளக்கு கொண்டாந்திருக்கேன்."

போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெள்ளை அடித்த உலோகத் தட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒரு கண்ணாடி மணி கிடையாது, ஜிகினா கிடையாது.

"பல்பையே மூடி வச்சிருக்கானேம்மா. இதுல எங்கேருந்து வெளிச்சம் வரும்?"

"அதுக்குத்தாண்ணே இது. கரண்டு பல்பு புதுசா வந்தப்ப, அது கண்ணைக் குத்துதுன்னு அந்த ஊர் ஆர்க்கிடெக்ட் ஒருத்தர் யோசிச்சிருக்காரு. எந்தப் பக்கம் உக்காந்தாலும் பல்பு தெரியக்கூடாது, வெளிச்சம் மட்டும் மேஜையில விழணும்னு வருஷக்கணக்கா வரைஞ்சு பாத்தாராம். அவரு செத்து எவ்வளவோ காலமாச்சு. இன்னும் அங்க வீட்டுக்கு வீடு தொங்குது."

கூட ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதில் அந்த ஆளின் போட்டோ. நான் வயர் இழுத்த வீடுகள் ஐந்நூறுக்கு மேல் இருக்கும். எந்த வீட்டுச் சுவரிலாவது என் பெயர் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாத ஊர்க்காரன், செத்த பிறகும் வந்து என் சாண்ட்லியரை இறக்குகிறான். வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

புத்தகத்தில் மேஜையும் விளக்கும் படமாகப் போட்டு, நடுவில் அம்புக்குறி இட்டு அறுபது சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. புரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை. அது இரண்டடி. நான் மேஜைக்கு மேல் நாலரை அடி உயரத்தில் கட்டினேன். பால் வெள்ளைக் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு போடச் சொல்லியிருந்தது. மாயவரம் போய், இருப்பதிலேயே கூசுகிற கூல் ஒயிட் பல்பாகப் பார்த்து வாங்கி வந்து திருகினேன்.

சாயந்திரம் சுவிட்சைப் போட்டதும் தட்டுகளின் இடுக்கு வழியே பல்பு பளீரென்று முகத்தில் அடித்தது. கவிதாவின் முகம் விழுந்துவிட்டது.

"என்னண்ணே, இப்படி இருக்கு?"

"நான் என்னம்மா பண்றது? பொருளு அப்படி."

சொல்லும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம், கழற்றிய சாண்ட்லியரை எடுத்துவரப் போனவன் மோட்டார் ரிப்பேரும் பார்த்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. ஹாலில் புது விளக்கு எரிந்தது. கவிதா கெண்டை மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தாள். ஐயா தட்டின் முன் உட்கார்ந்தார். நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு குனிந்தார். பிறகு தட்டோடு எழுந்தார்.

"விளக்கு நல்லாத்தாம்மா இருக்கு. எனக்கு அடுப்படியில சாப்பிட்டுத்தான் பழக்கம்."

அவர் உள்ளே போனதும் கவிதா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்கு ஹால் வெளிச்சம் தாங்கலண்ணே. டவுன்லைட்ட அணைச்சா முள்ளு தெரியல, போட்டா கண்ணு கூசுது. ஒரு வருஷமா அடுப்படியில தனியா உக்காந்து சாப்பிடுறாரு. உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லவே விடல. அதுக்குத்தான் இதைத் தூக்கிட்டு வந்தேன்."

தூக்கிய சாண்ட்லியரைக் கீழே வைத்தேன்.

"விளக்கு மேல குத்தம் இல்லம்மா. நான்தான் வேணும்னே ஏத்திக் கட்டினேன். பல்பும் வேணும்னேதான்."

அவள் கத்தியிருந்தால் தேவலை. "நாலு நாள்ல நான் கிளம்பணும்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே ஏணியைப் போட்டேன். டேப் வைத்து அளந்து அறுபதுக்கு இறக்கினேன். வண்டியில் போய், படத்தில் இருந்த மாதிரி பால் பல்பு தேடி வாங்கி வந்தேன். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் டவுன்லைட் அத்தனையும் அணைத்துவிட்டு இதை மட்டும் போட்டோம். மேஜை மட்டும் இளம் மஞ்சளாகத் தெளிந்தது.

கவிதா போய் அழைத்து வந்தாள். ஐயா தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். மீனைப் பிட்டார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நெற்றிக்குக் கை போகவில்லை. இரண்டாவது துண்டும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நிக்கிறியேப்பா, உக்காரு" என்றார்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தேன். சாய்ந்து பார்த்தேன், குனிந்து பார்த்தேன். பல்பு எங்குமே தெரியவில்லை. அப்போதுதான் உண்மையான பொறாமை வந்தது. நம் ஊரையே பார்க்காத ஒருவனுக்கு, சாப்பிட உட்கார்கிறவரின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் இருபது வருஷமாகச் சாப்பிட்ட எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேலை முடிந்ததும் ஏணியில் நின்றபடி அழகு பார்க்காதீர்கள். இறங்கி வந்து, அந்த வீட்டுக்காரர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எனக்கு அது முப்பத்தோராவது வருஷத்தில்தான் தெரிந்தது.