விளையாட ஆள் கிடைத்துவிட்டது

இன்று ஆம்பூரில், எங்கள் ஷூ கம்பெனி விலாசத்துக்கு இன்னொரு புத்தகம் வந்தது. வீட்டுக்கு வரவழைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. அதற்கான விதிப் புத்தகங்கள். வாங்குவேன், அடுக்குவேன். விளையாடியதில்லை. ஆள் இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கட்டிங் செக்‌ஷன் இம்தியாஸ் பாய் பார்சலைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தோஸ்த், மறுபடியும் புக்கா? இத எப்பதான் ஆடுவ?"

"நாலு பேராவது வேணும் பாய்."

"அவ்ளோதானா? வெள்ளிக்கிழமை லீவு. நானு, என் தம்பி, பேக்கிங் ஸ்டெல்லா, அவங்க வீட்டுக்காரர். பிரியாணி நம்ம வூட்ல. நீ வந்து சொல்லிக் குடு."

பக்கத்தில் நின்றிருந்த ஸ்டெல்லா உடனே கேட்டார்: "நான் மந்திரவாதியா வரலாமா சார்?"

வரலாம் என்றேன். வரலாமா என்று எனக்கே தெரியாது. ஒரு புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பும் ரயில் காட்பாடி வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். முதல்முறை ஆட்டம் நடத்துபவர்களுக்கான கையேடு ஒன்றை ஆர்டர் செய்துவிட்டேன். சனிக்கிழமைதான் வருமாம்.

ஆட்டத்தைத் தள்ளிப்போட நல்ல காரணம் இருந்தால் சொல்லுங்கள். பிரியாணியைத் தள்ளிப்போடாத காரணமாக இருக்கட்டும்.