இறால் கொட்டகையில் படித்த ஐந்து பாகங்கள்

இறால் ஓடு தொட்டியில் விழும் சத்தம் நின்றுபோயிருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

அதுவரை 'சளக்... சளக்...' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்.

காசிமேட்டில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட கொட்டகை அது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இறால் உரிப்போம். பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போன முதல் இடம்.

அன்று சாப்பாட்டு நேரம் முடிந்தது தெரியாமல் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கல்மண்டபத்தில் பழைய பேப்பர் கடையில் வாங்கிய கதைப் புத்தகம். எனக்கு முணுமுணுத்துப் படித்தால்தான் மனதில் நிற்கும். நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்க்கிறார்கள்! உடம்பு கூசிப்போய்ப் புத்தகத்தை மூடினேன்.

"ஏய், இன்னாத்துக்கு மூடுற? கெணத்துல ஒருத்தன் செத்துக் கெடந்தானே, அவன யாரு தள்ளுனது?" என்று கேட்டார் நூர்ஜகான் அக்கா.

"தெரியலக்கா... இன்னும் வரல."

"அப்ப படி. உன் இறால நாங்க பாத்துக்கறோம்."

உரித்த எடைக்குத்தான் அங்கே கூலி. அதனால் ஆளுக்கு ஒரு கைப்பிடி உரித்து என் கூடையில் போட்டார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர்கள் கை ஈரம்... என் கை மட்டும் காய்ந்திருக்கும், பக்கம் திருப்ப.

நீங்கள் எல்லோரும் இந்தக் குழுவில் உங்களுக்குப் பிடித்த தொடரைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு அன்று கொட்டகையில் படித்த அந்தக் கதைதான். மொத்தம் ஆறு பாகம். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய காலத்துப் பழவேற்காட்டில் நடக்கிற கதை, பாகத்துக்கு ஒரு கொலை. தேவநாதன் என்ற காவல் அதிகாரி துப்புத் துலக்குவான். கப்பல்காரர்கள் பேசுவது அவனுக்குப் புரியாது. அதைத் தமிழில் சொல்ல அலர்மேலு என்ற பெண் கூடவே வருவாள். யார் யாரோ சொன்னதையெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொல்வாள். அவர்கள் இருவரும் தங்களுக்குள் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிக்கொள்ளவே மாட்டார்கள்...

எனக்கு ஒரு தொல்லை இருந்தது. கழுத்தை அறுக்கிற இடமெல்லாம் சத்தமாகப் படித்துவிடுவேன். தேவநாதன் அவளைப் பார்க்கிற இடம் வந்தால் குரல் எழும்பாது. இத்தனை பேர் நடுவில் அதை எப்படிப் படிப்பது? அந்த வரிகளை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன்.

மூன்று பாகம் வரை நான் வரிகளை விடுவது யாருக்கும் தெரியவில்லை. நான்காவதில் அலர்மேலு படகுத்துறையில் அழுதுகொண்டே ஒரு சால்வையை அவனிடம் திருப்பிக் கொடுக்கிறாள்.

"இரு இரு," என்றார் என் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா. "இன்னா சால்வ? எப்பக் குட்த்தான்?"

நான் குனிந்துகொண்டேன்.

"ஏய்... முழுங்கிட்டியா?"

"போன பாகத்துல... மழ பெஞ்சிச்சில்ல... அப்ப போத்திவுட்டான்..."

கொட்டகையே சிரித்தது. "கழுத்த அறுத்தத மட்டும் கணீர்னு படிச்சா! போத்திவுட்டதுக்கு வெக்கமாம்!" என்றார் நூர்ஜகான் அக்கா.

ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் வேறு எதையாவது பேசுவார். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

"மொத பாகத்துலேர்ந்து எடு. ஒரு வரி வுடாத," என்றார்.

மறுநாள் முதல் பாகத்தோடு போனேன். காது சுடச்சுட எல்லாவற்றையும் படித்தேன். மூன்றாம் பாகத்தில் மழையில் சால்வை போர்த்துகிற இடம் வந்தபோது ஸ்டெல்லா அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யாரும் கிண்டல் செய்யவில்லை. ஓடு விழும் சத்தமும் இல்லை.

ஐந்தாம் பாகத்தின் முடிவில் அலர்மேலு கப்பல் ஏறுகிறாள். தேவநாதன் கரையில் நிற்கிறான். வாயைத் திறக்கவில்லை. ஆறாம் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. படகு கடலுக்குப் போகாது, எங்களுக்கும் வேலை இருக்காது. கொட்டகையைப் பூட்டுகிற அன்று ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெடச்சா நீ பாட்டுக்குப் படிச்சிறாத, இன்னா? அவன் சொல்றானா இல்லியான்னு எனக்குத் தெரியணும். நீ படிச்சாத்தான் எனக்குக் கத மாதிரி கீது."

"படிக்க மாட்டேன்க்கா."

தடைக்காலம் முடிந்து திரும்பிப் போனபோது அவர் இடம் காலியாக இருந்தது. வீட்டு வேலைக்குக் குவைத் போய்விட்டார் என்றார்கள். அப்புறம் கொட்டகைக்குப் போகவே பிடிக்கவில்லை.

இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அதே இறால்தான். தொப்பி, மாஸ்க், கிளவுஸ்... ஏசி குளிர், மிஷின் இரைச்சல். பக்கத்தில் நிற்கிறவள் சிரிக்கிறாளா என்று கூடத் தெரியாது. வேலை சுத்தமானது, மாதச் சம்பளம் சரியாக வருகிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் டிரேயில் இருக்கிற இறால் எல்லாமே நானே உரித்தது...

போன வாரம் திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பிளாட்பாரக் கடையில் ஆறாம் பாகம் கிடைத்தது. அட்டையில் அலர்மேலு கடலைப் பார்த்து நிற்கிறாள். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிடலாமா என்று விரல் எத்தனையோ தடவை போய்விட்டது. பார்க்கவில்லை.

ஸ்டெல்லா அக்காவின் நம்பரை நூர்ஜகான் அக்கா கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் ஸ்டெல்லா அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புவார். நானும் ஒன்று அனுப்புவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். போனில் மைக்கை அழுத்தி, "அக்கா, ஆறாவது பாகம்," என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.