வெட்டாமல் கொடுங்கள்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே, தெருவே அக்கா என்று கூப்பிடுகிறவளின் சாண்ட்விச் கடை. நான்கு மேசை, ஒரு அலமாரி, கல்லாவில் அவள் கணவர். அவர் வாயைத் திறப்பது கொட்டாவி விடத்தான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள்.

வழக்கமாக வருகிறவர்கள் அங்கே எதையும் கேட்க வேண்டியதில்லை. வாசலில் தலை தெரிந்ததுமே அவள் கை ரொட்டியை எடுத்துவிடும். எனக்கு முட்டை, வெங்காயம் இல்லாமல். தபால்காரருக்குக் கோழி, மிளகு தூக்கலாக. நம் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, குனியாமல், மூலைக்கு மூலை ஒரே இழுப்பில் வெட்டுவாள். இருபத்திரண்டு வருஷத்துக் கை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தால் என்ன, தகும்.

போன மழைக்காலத்திலிருந்து வெட்டு கோணலாகத் தொடங்கியது. ஒரு பாதி பெரிது, மறுபாதி சின்னது, முட்டை தட்டில். இரண்டு கை விரல்களும் மரத்துப்போவதாக அவளே ஒருநாள் சொன்னாள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதாம். ஒவ்வொரு கையாக ஆபரேஷன் செய்துவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருக்கச் சொல்கிறார் டாக்டர்.

"அதுவரைக்கும் கடையை யாரு பாக்குறது, இவரா?" என்று கல்லாவைக் காட்டிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த அதிபுத்திசாலி யோசனை வந்தது. "வெட்ட வேணாம்க்கா, அப்படியே குடுங்க" என்றேன். அவளுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமே. தபால்காரரிடமும் சொல்லி வைத்தேன். அவர் பத்துப் பேரிடம் சொன்னார். ஒரே வாரத்தில் தெருவே முழு சாண்ட்விச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சட்டையில் சாஸ் வழியத் தின்ன ஆரம்பித்தது. பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எங்களுக்குப் பெருமை வேறு.

நேற்று மதியம் நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"எல்லாரும் பேசி வச்சுக்கிட்டுத்தானே சொல்றீங்க?"

"அதெல்லாம் இல்லக்கா. முழுசா சாப்பிடுறதுதான் வசதி."

"உன் சட்டையப் பாத்தாலே தெரியுது வசதி." அவள் முகத்தில் சிரிப்பில்லை. "டாக்டர் கூட என் கை போச்சுன்னு சொல்லல தம்பி. நீங்க முடிவே பண்ணிட்டீங்க."

என்ன சொன்னாலும் தப்பாகத்தான் போகும். அவள் வீம்பாக, பழையபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கத்தியை வைத்து இழுத்தாள். ரொட்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் பிளந்தது.

"பாத்தியா?" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள்.

பார்த்தேன். வெள்ளை ரொட்டியின் ஓரம் சிவந்துகொண்டே வந்தது. அவளுடைய இடது ஆள்காட்டி விரலிலிருந்து மேடை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவளோ நான் பாராட்டுவேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். பாழாய்ப்போன என் யோசனையை நினைத்து எனக்கு என்மீதே ஆத்திரமாக வந்தது.

"அக்கா, விரல்" என்றேன்.

கல்லாவிலிருந்து கணவர் துண்டோடு ஓடி வந்தார். விரலை இறுக்கிச் சுற்றினார்.

"வலிக்கலையா?" என்று கேட்டார்.

"வலிச்சாத் தேவலையே" என்றாள்.