பசித்த நட்சத்திரமும் மட்டாஞ்சேரி மழையும்

இளம் நட்சத்திரங்கள் எப்படி வளர்கின்றன என்று பார்ப்பது என் வேலை. அதில் முக்கால்வாசி நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது. காத்திருந்தே காய்ந்துபோன சக தொழிலாளிகளே, உங்களுக்குத்தான் இது.

என்ன ஜோலி?

மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் ஜோஸ் சேட்டன், எந்நேரமும் கம்ப்யூட்டரில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். புதிதாய்ப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் ஒரு வட்டாகச் சுழலும், அதிலிருந்து இழுத்து இழுத்துத்தான் அது பெரிதாகும் என்றேன். எவ்வளவு காலம் பிடிக்கும் என்றார். பல லட்சம் வருஷம் என்றேன். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்போ ஜோலி போகும்னு பயமே வேண்டா, மோளே."

கரண்ட் போன மத்தியானம்

சேட்டனுக்குத் தெரியாது, அந்த வருஷத்தோடு ஆராய்ச்சி நிறுவனத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது. காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் கவனித்துவந்த நட்சத்திரம் ஒன்று திடீரென்று பிரகாசமானது. வட்டிலிருந்து ஒரேயடியாக நிறைய வந்து விழுகிறது! அடங்குவதற்குள் பெரிய தொலைநோக்கி ஒன்றை அதன் பக்கம் திருப்பச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும்.

பாதி எழுதும்போது மழையில் கரண்ட் போனது, கூடவே நெட்டும். லேப்டாப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, இன்வெர்ட்டர் இருக்கிற சுக்கு கோடவுனுக்கு ஓடினேன். அங்கே மேற்பார்வை பார்க்கும் பெரியவர் ஹமீதிக்கா, மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஆசுபத்திரியில யாரு, மோளே?"

மேகம்

தொலைநோக்கி கிடைத்தது. காலையில் வந்த தகவல்: தொலைநோக்கி இருக்கிற மலையில் மேகம். மறுநாளும் மேகம். வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயரான அம்மா, தட்டில் ஆறிப்போன கப்பைக்கிழங்கையும் மீன்கறியையும் பார்த்தாள். என்னடி ஆச்சு என்றாள்.

"அது தின்னுட்டு இருக்கும்மா. முடிக்கறதுக்குள்ள பார்க்கணும்."

"அதுக்காச்சும் திங்கத் தெரியுதே."

மூன்றாம் நாள்

வானம் தெளிந்தது. ஆனால் நட்சத்திரம் மங்கத் தொடங்கியிருந்தது. என்னோடு சேர்ந்து ஆராயும் பெங்களூர் ரேவதி, "லேட்டாயிடுச்சு, விட்டுடு" என்று முன்பே சொல்லியிருந்தாள். ஃபோனில் பேசியபடியே இருவரும் நிறமாலையைத் திறந்தோம். ஹைட்ரஜன் கோடு ஒரு பக்கம் குழிந்திருந்தது. அப்படியென்றால், வாயு இன்னும் நட்சத்திரத்தை நோக்கிப் பாய்ந்து விழுந்துகொண்டிருக்கிறது! ரேவதி கத்தினாள்: "அடியே, இது இன்னும் கை கழுவலடி!"

என் ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டினார்கள். பல லட்சம் வருஷம் வளர்கிற ஒன்றைப் பார்த்து முடிக்க அது போதும் என்று நினைத்திருப்பார்கள்.