காது மட்டும் விழித்திருந்தது

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். கேகாலைக்கு அப்பால் ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். மகள் அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள். மழை விடாமல் பெய்தால் மரப்பட்டை ஈரமாகிவிடும், பால் வெட்ட முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் பக்கத்துக் காம்பராக்களிலிருந்து ரேடியோ சத்தமும், பலாக்கொட்டை சுடுகிற வாசமும், யாரோ யாரையோ கேலி செய்கிற சிரிப்பும் வந்துகொண்டே இருக்கும். கூலி இல்லாத நாட்கள்தான். ஆனாலும் அவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் ஆசையாக இருக்கிறது.

எங்கள் கூரைத் தகரம் ஒழுகியது. கட்டிலில் ஈரம்படாத பக்கத்தில் மகளையும் கணவரையும் படுக்கவிட்டு, நான் கீழே பாய் விரித்துப் படுத்தேன். தூக்கத்தில் முழங்கைக்குப் பக்கத்தில் எறும்பு கடித்தது போலிருந்தது. சொறிந்துகொண்டு திரும்பிப் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் வயிற்றைப் பிசைந்தது. அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றினேன். கண் இமை இரண்டும் கனத்தன. எவ்வளவு முயன்றாலும் மேலே தூக்க முடியவில்லை.

"என்னம்மா, இன்னும் தூக்கம் போகலியா?" என்று கணவர் சிரித்தார்.

எனக்கு முன்னால் இரண்டு கணவர் நின்றார்கள். இரண்டு அடுப்பு, இரண்டு கேத்தல். கோப்பையை எடுக்கப் போனால் கை வெறும் இடத்தைத் தடவியது. ஒருவழியாக ஒரு மிடறு குடித்தேன், அது மூக்கு வழியாக வந்தது. "என்னங்க..." என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

அவர் பயந்துபோய் என்னை உட்கார வைக்கப் பாயை இழுத்தார். அடியில் சுருண்டு கிடந்தது, கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்களோடு, சிங்களத்தில் கரவலா என்று சொல்கிற கட்டுவிரியன்.

மகளைப் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் கொடுத்துவிட்டு, தோட்ட லொறியில் என்னைக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டுக்கொண்டே போனார். கண்ணைத் திற, மேலே பார், பல்லைக் காட்டு, நாக்கை நீட்டு. எல்லாம் புரிந்தது. ஒன்றையும் செய்ய முடியவில்லை. பிறகு மூச்சும் நின்றது. தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். மூச்சு இயந்திரம் வேறொரு நோயாளிக்கு ஓடிக்கொண்டிருந்ததால், ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்தார்கள். நர்ஸ் மிஸ் சொல்லித்தர, என் கணவரும் அமுக்கினார்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் இருட்டு. ஆனால் காது கேட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சொல் விடாமல் கேட்டது. கன்னத்தில் ஓர் ஈ நடந்ததுகூடத் தெரிந்தது, விரட்டத்தான் முடியவில்லை. யாரோ என் இமையைத் தூக்கி டோர்ச் அடித்தார்கள். வெளிச்சம் தெரிந்தது, அதற்குப் பின்னால் இரண்டு முகமாகத் தெரிந்தது. "கண்ணுப் பாப்பா அசையவே இல்லையே" என்று ஒரு குரல் தாழ்ந்து சொன்னது.

பார்க்க வந்த என் நாத்தனார் கட்டிலோரம் நின்று அழுதார். "மனச தேத்திக்கடா தம்பி. பிள்ளைய நான் கொண்டு போயி வளக்குறேன். எம்பிள்ளைங்களோட ஒன்னா வளரட்டும்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குள் நான் போட்ட கூச்சல் எனக்கு மட்டும்தான் தெரியும். இருக்கிறேன், இருக்கிறேன் என்று கத்தினேன். உதடு ஒரு நூல்கூட அசையவில்லை. இப்படியே என்னைக் குழிக்குள் வைத்துவிடுவார்களோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. பக்கத்துக் கட்டிலில் தன் உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். மாவனல்லைப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது.

"தம்பி, நீங்க போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க. நான் அமத்துறன்" என்றார். கணவர் எழுந்து போனதும் அந்தக் குரல் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது. "தங்கச்சி, ஒங்களுக்கு எல்லாம் கேக்குது. எனக்குத் தெரியும். எங்கட நானா, எனக்கு மூத்த பொறப்பு, அவருக்கும் இந்தப் பாம்புதான் கடிச்ச. இப்படியேதான் கெடந்தார். சொகமாகின பொறகு, நாங்க பேசின எல்லாத்தையும் ஒன்னுவிடாமத் திருப்பிச் சென்னார்."

அதோடு அவர் பேச்சு நிற்கவில்லை. இப்போது காலை, வெளியே வெயில் என்றார். புருஷனுக்குப் பிடவைக் கடை, ஆனால் நல்ல துணி எது, சாயம் போகிற துணி எது என்று இன்னும் தெரியாது என்றார். இளைய மகன் நோன்புக் கஞ்சிப் பானைக்குள் விளையாட்டுக் காரைப் போட்ட கதையைச் சொல்லி அவரே சிரித்தார். சொல்கிற கதைக்கு ஏற்றபடி பை வேகமாகவும் மெதுவாகவும் அமுங்க, மிஸ் அதட்டினார்.

திடீரென்று, "கேக்குதுன்டா கால் பெருவிரல அசைச்சுக் காட்டுங்க" என்றார். என் உயிர் முழுவதையும் அந்த விரலுக்கு அனுப்பினேன்.

"மிஸ்! மிஸ்! அசையுது!"

வார்டே ஓடி வந்தது. கணவர் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "அழாதீங்க, பேசுங்க. கேட்டுட்டு ஈக்கிறாங்க" என்றார் அந்தப் பெண். என் கணவர் நாலு பேர் முன்னால் என்னோடு பேசிப் பழக்கமில்லாத மனிதர். வெகுநேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். கடைசியில், "புள்ளைக்கு மொதப் பல்லு தெரியுதும்மா" என்றார். என் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்ததாம். மிஸ்தான் துடைத்தாராம்.

அந்த அக்காவின் உம்மாவைக் கண்டிக்கு மாற்றினார்கள். "நான் போய்ட்டு வாறன் தங்கச்சி" என்று என் கையைத் தடவிவிட்டுப் போனார். அப்போதும் என் இமை திறக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பியது. மூச்சு வந்து குழாயை எடுத்த அன்று, யாரோ பிரித்த சோற்றுப் பார்சலிலிருந்து பருப்பு வாசம் வந்தது. அதைவிட நல்ல வாசத்தை நான் இதுவரை முகர்ந்ததில்லை. டொக்டர் தினமும் வந்து சோதிப்பார். விரலைப் பார்க்கச் சொல்வார், பஞ்சால் கன்னத்தைத் தொடுவார், பல்லைக் கடி, சிரி, விழுங்கு, தோளைத் தூக்கு என்பார். ஒருநாள் பொறுமையாக விளக்கினார். மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு சோடியாம். முகர்வது, பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளைக்குச் சேதி கொண்டு போகிற நரம்புகள். இமையைத் தூக்குவது, கண்ணை உருட்டுவது, நாக்கை அசைப்பது மூளையின் கட்டளையைக் கொண்டு வருகிற நரம்புகள். சில நரம்புகள் இரண்டு வேலையும் செய்யும். ஒன்று இதயம், வயிறு வரைக்கும்கூட இறங்கிப் போகுமாம். நரம்பு தசையிடம் கட்டளையைக் கொடுக்கிற இடத்தில்தான் விஷம் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. அதனால் கட்டளை போகவில்லை; சேதி வந்துகொண்டே இருந்தது. கேட்கிற நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் என்னை அடையாளம் தெரியாமல் அழுதாள். நாத்தனார்தான் அவளை என் மடியில் போட்டுவிட்டு, என்னைவிட அதிகமாக அழுதார். அவர் அன்று சொன்னது எனக்குக் கேட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

சில வருடம் கழித்து, மகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கு வெள்ளைத் துணி எடுக்க மாவனல்லைக்குப் போனோம். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் ஆட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் என் காதோரம் கதை சொன்ன அதே குரல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். உருண்டை முகம், மூக்குக்கண்ணாடி. நான் மனதில் வரைந்து வைத்திருந்த முகம் இல்லை.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. குழாயும் பிளாஸ்டருமாகக் கிடந்த ஒருத்தியைத்தானே அவர் பார்த்திருக்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல், அவர் முன்னால், அன்று கிடந்தது போலவே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

பிறகு என் இரண்டு கன்னத்திலும் அவர் கை வந்து படிந்தது.

"தங்கச்சி, கண்ணத் தொறங்க. ஒங்கட கண்ண நான் இன்னம் காணல்லயே."

அன்றிலிருந்து இன்றுவரை, ஒருவர் பதில் சொல்லவில்லை என்பதற்காக அவருக்குக் கேட்கவில்லை என்று நான் முடிவு செய்ததே இல்லை.